கிராஃபிக் டிசைன் 'வரைகலை' ஆகுமா?

'கிராஃபிக் டிசைன்' என்பதை 'வரைகலை வடிவமைப்பு' என்றும், அப்பணியைச் செய்பவரை 'வரைகலைஞர்' என்றும் எழுதும் வழக்கம் ஏறக்குறைய நிலைத்துவிட்டது. வெறும் எழுத்துகளால் மட்டுமே அமைந்த ஒரு சுவரொட்டியைச் சுட்டி, "வரைகலைஞர் இதை அழகாக வரைந்திருக்கிறார்" என்று ஒரு மொழிபெயர்ப்பில் அண்மையில் படிக்க நேர்ந்தது. அச்சுவரொட்டியில் வரையப்பட்டது என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. மொழிபெயர்த்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைத்த சொல்லே அவரை அந்தத் தவற்றுக்கு இட்டுச் சென்றது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'கிராஃபிக்' என்பதன் வேர் கிரேக்க மொழியின் 'கிராஃபைன்'. கீறுதல் என்பதில் தொடங்கி, எழுதுதல், வரைதல் என இரண்டையும் குறித்தது. 'டிசைன்' இலத்தீனின் 'டெசிக்னாரே' என்பதிலிருந்து வந்தது. குறித்துக் காட்டுதல் என்பது பொருள். அதற்குள் 'சிக்னும்', அதாவது குறி, ஒளிந்திருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்த தொழிற்பெயர் பரவியதற்கு, அமெரிக்க நூல் வடிவமைப்பாளர் வில்லியம் அடிசன் டிவிகின்ஸ் 1922இல் எழுதிய கட்டுரையைச் சுட்டுவது வழக்கம். அச்சொல் அதற்குச் சற்று முன்பும் வழங்கியிருக்கிறது.

'வரைகலை' என்பதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதம் ஒன்று உண்டு; அது வலுவானதும்கூட. தமிழின் 'வரை' என்னும் வினையும் கிரேக்க வேரைப் போலவே எழுதுதல், சித்திரம் தீட்டுதல் ஆகிய இரண்டையும் குறிக்கும். மடல் வரைந்தான் என்றால் எழுதினான் என்றே பொருள். 'எழுது' என்னும் சொல்லுக்கும் இதே இரட்டைத்தன்மை இருந்தது. "எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்" என்னும் குறளில் எழுதப்படுவது கண்ணுக்கு மை. ஆகவே, வேரை மட்டும் பார்த்தால் 'வரை' பொருத்தமான தேர்வுதான். ஆனால் கலைச்சொல்லைப் படிப்பவர் வேரைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் படிப்பதில்லை. இன்றைய வழக்கில் 'வரை' என்றால் படம் வரைதல்; கடிதம் வரைதல் என்பது அலங்காரமாக எழுதுவோரிடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதனோடு 'கலை' என்பதையும் ஒட்டியபின் எழுத்து என்னும் பொருள் முற்றாக மறைந்து, தூரிகை பிடித்த ஓவியர் ஒருவரே மனக்கண்ணில் தோன்றுகிறார்.

இத்தொழிலின் மையம் படமன்று. பார்ப்பவரிடம் ஒரு செய்தி பிழையின்றிப் போய்ச் சேர்வது. மருந்துப் புட்டியின் மேலொட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்து, ஒருவேளைக்கு எத்தனை மில்லிலிட்டர் என்பது அடிவிளிம்பில் பொடி எழுத்தில் சாம்பல் நிறத்தில் கிடந்தால், தகவல் அனைத்தும் இருந்தும் செய்தி சேரவில்லை. அளவைப் பெரிதாக்கி, அதைச் சுற்றிச் சிறிது வெற்றிடம் விட்டு, வேளையையும் அளவையும் அருகருகே வைத்தால், கண் முதலில் அங்கே செல்லும். எழுத்தின் பருமன், நிற வேறுபாடு, இடைவெளி, வரிசை ஆகியவையே இங்கே பேசுகின்றன. அறிவிப்புப் பலகைகளில் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் தடையையும், நீல வட்டம் கட்டாயத்தையும், மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கையையும், பச்சை பாதுகாப்பான வழியையும் உணர்த்துவது, உலகம் ஒப்புக்கொண்ட ஓர் இலக்கணம்.

கையால் வரையப்பட்ட ஒரு படமே இக்கருத்தை இன்னும் தெளிவாக்குகிறது. இலண்டன் சுரங்க இரயில் தடங்களின் புகழ்பெற்ற படத்தைப் பொறியியல் வரைவாளர் ஹாரி பெக் 1931இல் வரைந்தார்; 1933இல் அது அச்சானது. வளைந்து நெளிந்த தடங்களை அவர் கிடை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு என்னும் கோடுகளுக்குள் அடக்கினார். நிலையங்களுக்கிடையிலான உண்மைத் தொலைவைக் கைவிட்டார். தரைக்கு மேலுள்ளவற்றில் தேம்ஸ் ஆறு ஒன்றுதான் எஞ்சியது. எந்த நிலையத்தில் மாறி ஏறுவது என்பதே பயணிக்குத் தேவை என்று அவர் கண்டதால், மற்றவற்றை நீக்கினார். அந்தப் படத்தின் சிறப்பு அவர் வரைந்ததைவிட விட்டதில்தான் இருக்கிறது. அதை 'வரைகலை' என்னும் சொல்லால் எப்படிச் சுட்டுவது?

மாற்றாக முன்வைக்கப்படும் 'காட்சித் தொடர்பு' (விஷுவல் கம்யூனிகேஷன்) என்பது நோக்கத்தைச் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் ஒளிப்படம், திரைப்படம், விளம்பரம் அனைத்தையும் அது அணைத்துக்கொள்கிறது. தொழிலின் பெயர் அவ்வளவு அகலமாக இருப்பது உதவாது. 'காட்சிமொழி வடிவமைப்பு' என்பதே எனக்கு ஏற்புடையது. மொழி என்னும்போது சொல்பவர், கேட்பவர், விதி, பொருள் ஆகிய அனைத்தும் உடன் வருகின்றன. படமும் எழுத்தும் அதில் சமமாக இடம்பெறுகின்றன. திரைத்துறையினர் இயக்குநரின் காட்சிமொழி என்று ஏற்கெனவே பேசுகிறார்களே என்ற மறுப்பு எழலாம். பொருள் ஒன்றே என்பதால் அதில் முரண் இல்லை. 'வடிவமைப்பு' என்பது உடன் நிற்கும்போது குழப்பத்துக்கும் இடமில்லை. சொல் சற்று நீளம் என்பதை மறுக்க முடியாது. 'வரைகலை வடிவமைப்பு' மட்டும் குறுகியதா என்ன?

ஆங்கிலத் தொடரை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டால் கலைச்சொல் பிறந்துவிடும் என்னும் நம்பிக்கையே இந்தச் சீர்கேட்டின் ஊற்று. அந்த முறைப்படி, கொடூரத்தை அப்பட்டமாகக் காட்டும் 'கிராஃபிக்' காட்சிகளை 'வரைகலைக் காட்சிகள்' என்று எழுத வேண்டியிருக்கும். 'கிராஃபிக்ஸ்' என்று அப்படியே எழுதிவிடலாமே என்போரின் நிலையும் தெளிவானதன்று; பேச்சுவழக்கில் அச்சொல், திரையில் டைனோசரை ஓடவிடும் வேலைக்கே பெயராகிவிட்டது.

கணினி உருவாக்கும் படிமங்களைக் குறிக்க 'வரைகலை' தாராளமாக இருக்கட்டும். 'கணினி வரைகலை' என்பதில் எனக்குக் குறையில்லை. கோட்டோவியம் தீட்டுபவருக்கு 'ஓவியர்' என்னும் பெயர் முன்பே இருக்கிறது. எழுத்தையும் படத்தையும் இடத்தையும் ஒழுங்குபடுத்திச் செய்தி சொல்பவரைக் 'காட்சிமொழி வடிவமைப்பாளர்' என்றோ, இடம் தெளிவாக இருந்தால் வெறும் 'வடிவமைப்பாளர்' என்றோ எழுதலாம்.