ஏஐ வாங்கும் முன் ஜாப் கார்டைப் பாருங்கள்

திருவொற்றியூர், மணலி, விச்சூர், மாதவரம், வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் சிறு ஆலை முதலாளிகள் இப்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "நம்ம யூனிட்லயும் ஏஐ போட்டுடலாமா சார்?" போடலாம். எதற்கு என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வருவதில்லை. பெரிய வாடிக்கையாளர் நடத்திய சப்ளையர் கூட்டத்தில் யாரோ படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். இல்லையென்றால் படிப்பு முடித்து வந்த மகளோ மகனோ "எல்லாத்தையும் மாத்தணும்பா" என்று ஆரம்பித்திருப்பார்கள்.

அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. 1950-களில் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வண்டி ஆலைகள் வந்தபோது அவற்றைச் சுற்றி முளைத்த டர்னிங், பிரஸ், பிளேட்டிங் பட்டறைகளின் வழியில் வந்த யூனிட்டுகள் இன்று அடுத்தடுத்த தலைமுறையின் கையில் இருக்கின்றன. ஒரே ஷெட்டில் தாத்தா காலத்து லேத்தும் போன வருடம் கடனில் வாங்கிய விஎம்சியும் (கம்ப்யூட்டர் இயக்கும் மில்லிங் மெஷின்) பக்கத்துப் பக்கத்தில் ஓடும். கணக்கு டேலியில், ஸ்டாக் எக்செலில், டெலிவரி தேதி வாட்ஸ்அப்பில், மீதியெல்லாம் சூப்பர்வைசர் தலைக்குள். டிஜிட்டல் திட்டம் என்று எதைப் போட்டாலும் இந்த நிலைமையில் இருந்துதான் தொடங்க முடியும்.

நான் முதலில் கேட்டு வாங்குவது ஜாப் கார்டை, அதாவது எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று எழுதும் அட்டையை. பல இடங்களில் அது ஷிப்ட் முடியும் நேரத்தில் மொத்தமாக எழுதப்பட்டிருக்கும். தொடங்கிய நேரம் எட்டு, முடிந்த நேரம் ஐந்து, மெஷின் நின்ற காரணம் 'இதர'. இந்தக் கார்டை வைத்து எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளைப் போட்டாலும் அது அந்தப் பொய்யைத்தான் அழகான வரைபடமாகத் திருப்பித் தரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேர ஷிப்ட், 480 நிமிடம். சாப்பாடு, டீ 45 நிமிடம் போக 435. ஒரு பீஸுக்கு மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அன்று மெஷின் 105 நிமிடம் நின்றுவிட்டது. ஓடிய 330 நிமிடத்தில் 110 பீஸ் வந்திருக்க வேண்டும்; வந்தது 92. அதில் நான்கு ரிஜெக்ட், தேறியது 88. அதாவது 435 நிமிடத்தில் உருப்படியாகப் பயன்பட்டது 264 நிமிடம், கிட்டத்தட்ட 61 சதவீதம். ஓஇஇ (மெஷினின் மொத்தப் பயன்திறன்) என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இப்போது இழப்பைப் பிரித்துப் பாருங்கள்: நின்றதில் 105 நிமிடம், மெதுவாக ஓடியதில் 54, ரிஜெக்டில் 12. முதலாளிக்கு விற்க வருபவர் கொண்டுவருவது பெரும்பாலும் கேமரா வைத்துக் குறை கண்டுபிடிக்கும் ஏஐ. அது கை வைக்கப் போவது அந்த 12 நிமிடத்தில். 105 நிமிடம் ஏன் போனது என்று பார்த்தால் மெட்டீரியல் வரவில்லை, டூல் மாற்ற ஆள் இல்லை, முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள் என்று இருக்கும். அதற்கு ஏஐ வேண்டாம். யார், எப்போது, எதற்காகக் காத்திருந்தார்கள் என்பது அந்த நேரத்திலேயே பதிவானால் போதும். (ரிஜெக்ட் ஆன பீஸ் விலை உயர்ந்த உலோகம் என்றாலோ, வாடிக்கையாளர் ஒரு லாட்டையே திருப்பி அனுப்பினாலோ கணக்கு மாறும். அதனால்தான் நிமிடத்தோடு ரூபாயையும் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.)

பதிவு செய்யப் பெரிய செலவு இல்லை. பழைய லேத்துக்கு மெயின் வயரைச் சுற்றி மாட்டும் கரன்ட் சென்சார் போதும்; ஓடுகிறதா, சும்மா இருக்கிறதா என்று சொல்லிவிடும். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினில் அதன் கன்ட்ரோலரிடமே கேட்டு வாங்கலாம். ஆனால் நின்றது ஏன் என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். ஜாப் கார்டில் ஒரு கியூஆர் கோடு, ஃபோனில் ஐந்தே ஐந்து பட்டன். நம் யூனிட்டுகளில் பீகார், ஒடிசாவில் இருந்து வந்த தம்பிகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். பட்டனில் ஆங்கிலமோ தமிழோ மட்டும் இருந்தால் அவர்கள் முதல் பட்டனையே அமுக்கிக்கொண்டிருப்பார்கள். படம் போடுங்கள், இந்தியும் போடுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இந்தத் தகவலை வைத்து ஆபரேட்டரின் இன்சென்டிவில் கை வைத்தால் அன்றோடு உண்மை வருவது நின்றுவிடும். முதல் சில மாதங்களுக்கு இதை வைத்து யாரையும் கேள்வி கேட்கப் போவதில்லை என்று முதலாளியே ஷாப் ஃப்ளோரில் நின்று சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். திட்டங்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகின்றன; சாஃப்ட்வேரில் இல்லை.

சரி, ஏஐ எங்கே உதவும்? கோட்டேஷன் வேலையில் உதவும். விசாரணை மெயிலைப் படித்துச் சுருக்குவது, பதில் மெயிலை நல்ல ஆங்கிலத்தில் எழுதுவது, பழைய கோட்டேஷன்களில் இதே போன்ற பாகம் இருக்கிறதா என்று தேடுவது, தமிழில் பேசிய குறிப்பை எழுத்தாக்குவது எல்லாம் இப்போதே நன்றாக நடக்கிறது. டிராயிங்கைக் கொடுத்து டாலரன்ஸை (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதை) படிக்கச் சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். தப்பாகப் படித்தாலும் சரியாகப் படித்த அதே தைரியத்தோடு சொல்லும். அனுபவமுள்ள ஒருவர் பார்த்த பிறகே விலை போக வேண்டும்.

டிராயிங் என்றதும் இன்னொன்று. வாடிக்கையாளரின் டிராயிங் உங்கள் சொத்து இல்லை. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதை யாரோ ஓர் இளைஞர் தன் சொந்தக் கணக்கில் இலவச சாட்பாட்டில் ஏற்றினால், பல சேவைகளில் அது அந்த நிறுவனத்தின் பயிற்சிக்கே போகக்கூடும். தொழில் பயன்பாட்டுக்கான கட்டணக் கணக்கு ஒன்றை வாங்கி, எதை ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேமரா ஆய்வும் சில இடங்களில் பலன் தரும், குறிப்பாக ஒரே பாகம் ஆயிரக்கணக்கில் ஓடும் பிரஸ் ஷாப்பில். ஆனால் அங்கே பாதி வேலை வெளிச்சத்தில். எண்ணெய்ப் பளபளப்பைக் கீறல் என்று அது நினைத்துக்கொள்ளும். பழுதடையப் போவதை முன்கூட்டியே சொல்லும் ஏஐ பற்றி எனக்கு இன்னும் தயக்கம்தான். ஒவ்வொன்றும் வேறு மாடல், வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ நிற்கும் மெஷின்கள் என்றால் கற்றுக்கொள்ள அதற்குத் தகவலே கிடைக்காது. எண்ணெயையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றுங்கள், அது முதலில்.

வாடிக்கையாளரிடம் மாட்டிய பணத்தைப் பற்றிப் பேசாமல் டிஜிட்டல் திட்டம் போடுவதில் அர்த்தமில்லை. 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் இருந்து 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. பிரச்சினை என்னவென்றால் ஏற்றுக்கொண்ட நாள் எது என்று காட்ட நம்மிடம் சீல் அழிந்த டெலிவரி சலான்தான் இருக்கும். டிரைவர் கேட்டிலேயே சலானைப் படமெடுத்து, இன்வாய்ஸ் எண்ணோடு சேர்த்து வைக்கும் ஏற்பாடு ஒரு வாரத்தில் செய்யக்கூடியது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள், சிறு ஆலைகளின் பில்லைப் பணமாக்கித் தரும் டிரெட்ஸ் இணையத் தளங்களில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இப்போது விதி. உங்கள் வாடிக்கையாளர் பதிவு செய்துவிட்டாரா என்று கேளுங்கள், பில்லை அங்கே தள்ளுபடியில் பணமாக்கலாம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டோம். எண்ணூரில் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அப்படியிருந்தும் சர்வரையும் யுபிஎஸ்ஸையும் தரையில் வைப்பதை நாம் விடவில்லை. பேக்கப் ஹார்டு டிஸ்க்கும் அதே மேஜை டிராயரில் இருக்கும். ஒரு பிரதி வேறு ஊரிலோ கிளவுடிலோ இருக்கட்டும். நெட்வொர்க்கோடு ஒட்டாத ஒன்றும் வேண்டும், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் ஒட்டியிருப்பதையும் சேர்த்துப் பூட்டிவிடும். காலாண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திருப்பி எடுத்துப் பாருங்கள். மெஷினோடு இருக்கும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரை மாற்ற முடியாது என்றால் இன்டர்நெட்டில் இருந்தாவது பிரித்து வையுங்கள். மெயிலில் வங்கிக் கணக்கு எண் மாறி வந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

மாதச் சந்தாவில் ஈஆர்பி (கணக்கு, ஸ்டாக், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள்) வாங்குபவர்கள் கையெழுத்துக்கு முன் விற்பவரிடம் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: சந்தாவை நிறுத்தினால் எங்கள் தகவல் முழுவதும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் திரும்பி வரும்? எங்கள் மெஷின் தகவலை வேறு யாருக்காவது ஏஐ மாடல் பழக்கப் பயன்படுத்துவீர்களா? இதற்கு இழுத்து இழுத்துப் பதில் சொல்பவரிடம் டெமோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.