மாரத்தானில் தண்ணீரும் ஆளைச் சாய்க்கும்

"நன்றாகத்தான் தண்ணீர் குடித்தார் டாக்டர், ஒரு கிலோமீட்டர்கூட விடவில்லை." இந்த வார்த்தைகளை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடலூரில் நான் வேலை பார்க்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர், முதல் முழு மாரத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 42 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் முடித்திருந்தார். மைத்துனர் வழி நெடுக பைக்கில் கூடவே வந்து பாட்டில் நீட்டியிருக்கிறார். ஓடி முடித்ததும் வாந்தி, தலைவலி. மனைவியைப் பார்த்து "நீங்கள் யார்?" என்று கேட்டிருக்கிறார். வழியில் ஒரு மருத்துவமனையில் ரத்தம்கூடப் பார்க்காமல் இரண்டு பாட்டில் சலைன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் வந்து சேர்ந்ததும் வலிப்பு.

அவருடைய கையைப் பிடித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது, கடிகாரப் பட்டை மணிக்கட்டில் பள்ளம் போட்டிருந்தது. உடம்பு வற்றியவனுக்குக் கை வீங்காது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, லிட்டருக்கு 121 மில்லிமோல். இயல்பாக 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதே காரணத்துக்காக நான் பார்த்த முதல் ஆள் அவரல்ல.

நீண்ட நேரம் ஓடும்போது சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறது. குடிக்கும் தண்ணீர் வெளியேறாமல் உள்ளேயே தங்குகிறது, ரத்தம் நீர்த்துப்போகிறது, மூளை வீங்குகிறது. 2002இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதிகம் சிக்கியிருந்தார்கள். வேகமாக ஓடுகிறவருக்குக் குடிக்க நேரமில்லை. மெதுவாக ஓடுகிறவர் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிக்கிறார்.

சரி, எதற்காக இவ்வளவு குடிக்கிறார்கள்? நம் கரையில் அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. ஓட வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் சொல்வது, "கடலோரம்தானே, காற்று வீசும்." எந்தக் காற்று ஐயா? விடியற்காலையில் இங்கே காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். தேவனாம்பட்டினத்தில் எந்த மீனவரை வேண்டுமானாலும் கேளுங்கள், பாய்மரக் காலத்தில் அந்தக் காற்றைப் பிடித்துத்தான் கடலுக்குள் போனார்கள். தரை சூடேறிய பிறகுதான் கடற்காற்று கரையேறும், அதற்குப் பெரும்பாலும் நடுப்பகலாகிவிடும். நீங்கள் ஐந்து மணிக்குக் கிளம்பிப் பத்து, பதினொரு மணிக்கு முடிக்கிறீர்கள். கடல் கண்ணில் தெரிகிறது, அவ்வளவுதான். இடையில் காற்று ஓய்ந்து நிற்கும் நேரமும் உண்டு. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வழியென்றால் ஒதுங்க நிழலும் கிடையாது.

காற்றில்தான் ஈரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறதே, வியர்வை எங்கே உலரும்? உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். இங்கே அது சொட்டிக்கொண்டே போகிறது. பனியனைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. அதைப் பார்த்துப் பயந்துபோய், இத்தனையும் போய்விட்டதே, ஈடுகட்ட வேண்டுமே என்று தாகமில்லாமலே குடிக்கிறார்கள். பனியனைப் பார்த்துக் குடிக்காதீர்கள், தாகம் எடுத்தால் குடியுங்கள். குடிக்கவே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிடவும் வேண்டாம்.

"நான் வெறும் தண்ணீர் குடிக்கவில்லை, இளநீர், எலக்ட்ரோலைட் பானம்தான்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம். ஓ.ஆர்.எஸ். கரைசலிலேயே லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம்தான், உங்கள் ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. அளவு மீறினால் அதுவும் ரத்தத்தை நீர்க்கச் செய்யும். ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், இந்த ஆபத்தையும் கூட்டும்.

பயிற்சி நாட்களில் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் பதற வேண்டாம், அது இருக்க வேண்டியதுதான்.

ஓட்டம் நடத்துகிறவர்களுக்கு: மேசைகளை நெருக்கி நெருக்கிப் போட்டு, "குடியுங்கள், குடியுங்கள்" என்று கத்தத் தன்னார்வலர்களை நிறுத்தாதீர்கள். யாராவது சுருண்டு விழுந்தால், சூடு பார்க்க நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. 40 டிகிரியைத் தாண்டி நினைவும் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிரவைத்த பிறகுதான் ஆம்புலன்ஸ். அதே தடுமாற்றம், ஆனால் சூடு அவ்வளவு இல்லையென்றால் சோடியத்தைச் சந்தேகியுங்கள். (சக மருத்துவர்களே, சாதாரண சலைனைத் தொங்கவிடும் முன் ரத்தம் பாருங்கள். இவர்களுக்குத் தேவை 3 சதவீத சலைன், 100 மில்லி.)

பைக்கில் கூட வரும் மைத்துனர்களே, அண்ணன்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஓடுகிறவர் வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் விழித்தாலோ வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி 108ஐ அழையுங்கள். வந்து சேரும் மருத்துவரிடம் எத்தனை பாட்டில் குடித்தார் என்பதை முதலில் சொல்லுங்கள்.