மதியக் கடற்காற்றும் டெல்லி அரசிதழும்

சென்னைக்கு வடக்கே மீஞ்சூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் அவ்வளவு உயரம். புகை மேலே எங்கேயோ போய்விடுகிறது. அப்புறம் எப்படி சார் மதியத்தில் எங்கள் தெருவில் நெடி அடிக்கிறது? இதில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சருக்கு என்ன வேலை? மரம் நடும் விழாவுக்கு வருபவர்தானே அவர்?"

மரமும் நடுவார். ஆனால் அந்த அலுவலகத்தின் உண்மையான வேலை எண்களை எழுதுவது. புகைபோக்கி எத்தனை மீட்டர், புகையில் கந்தக டை ஆக்சைடு எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி நேரத்துச் சராசரி என்று எல்லாமே அங்கிருந்து அரசிதழில் வரும் எண்கள்தான்.

வரலாற்றைச் சட்டென்று பார்த்துவிடலாம். 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுக்கு இந்திரா காந்தி நேரில் போனார். அந்த ஆண்டே இங்கே ஒரு தேசியக் குழு அமைந்தது. 1980 நவம்பரில் அது தனித் துறையாகி, 1985இல் அமைச்சகமானது. இடையில் 1984 டிசம்பரில் போபால். விஷவாயு பரவிய அந்த இரவில் அக்னிஹோத்திரம் செய்த குடும்பம் மட்டும் பிழைத்ததாக ஒரு கதை இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காற்றைவிடக் கனமான வாயு அது. காற்றடித்த திசையில், தரையோடு தரையாகப் போனது. யார் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்பதில்தான் உயிர் இருந்தது. ஹோமப் புகைக்கு அதில் பங்கில்லை.

போபாலுக்குப் பிறகு வந்ததுதான் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். காற்றிலும் நீரிலும் எது எவ்வளவு கலக்கலாம் என்பதை மத்திய அரசே அறிவிக்கை மூலம் தீர்மானிக்கலாம் என்றது அது. ஒவ்வொரு எண்ணுக்கும் நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் போட வேண்டியதில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் நாற்காலியில் நம் ஊர்க்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்: டி.ஆர். பாலு, ஆ. ராசா, ஜெயந்தி நடராஜன். வடசென்னையில் பந்தல் போட்டு, போலீஸ் காவலோடு, புதுத் திட்டங்களின் சுற்றுச்சூழல் அனுமதிக்காக நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் 2006 செப்டம்பரில் வந்த அறிவிக்கையின்படி நடப்பவை. அப்போது அமைச்சர் ராசா.

சரி, புகைபோக்கிக்கு வருவோம். 2015 வரை அனல் மின் நிலையப் புகையில் கந்தக டை ஆக்சைடு இவ்வளவுதான் இருக்கலாம் என்று நாடு முழுவதற்குமான வரம்பு எதுவும் கிடையாது. இருந்தது உயர விதி மட்டுமே. 500 மெகாவாட், அதற்கு மேல் என்றால் 275 மீட்டர். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கிய உயரம். சின்ன நிலையங்களுக்கு ஒரு சூத்திரம்: மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறதோ, அந்த எண்ணின் 0.3 அடுக்கை 14ஆல் பெருக்கு. 1,000 கிலோ என்றால் 111 மீட்டர். 2,000 கிலோ என்றால்? 222 இல்லை, 137தான். விஷம் இரட்டிப்பானாலும் புகைபோக்கி கால்வாசிகூட வளர வேண்டாம். இந்த விதி விஷத்தைக் குறைக்கச் சொல்லவே இல்லை, தூரமாகப் பரப்பு என்றுதான் சொல்கிறது.

2015 டிசம்பர் 7 அறிவிக்கைதான் கந்தக டை ஆக்சைடைப் பற்றி முதன்முதலாக மில்லிகிராமில் பேசியது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள பழைய அலகுகளுக்கு ஒரு கனமீட்டர் புகையில் 200 மில்லிகிராம், சிறியவற்றுக்கு 600, 2017 ஜனவரி முதல் வருபவற்றுக்கு 100. இதற்கு எஃப்.ஜி.டி. என்ற அமைப்பு வேண்டும். சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்து, புகைமேல் மழையாகப் பொழிவார்கள். கந்தகம் ஜிப்சமாகி அடியில் தங்கிவிடும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடிபடும். முதலில் கொடுத்த கெடு இரண்டு ஆண்டு. பிறகு 2022 என்றார்கள், பிறகும் தள்ளினார்கள், இன்னும் தள்ளினார்கள். 2025 ஜூலையில் வந்த அறிவிக்கை, நாட்டின் மின் நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இந்த வரம்பிலிருந்தே விலக்கியது. நிபந்தனை என்ன தெரியுமா? புகைபோக்கி உயர விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும்!

பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்களுக்கு விலக்கு இல்லை. எண்ணூர் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டு. வரைபடத்தில் நீங்களே அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

விலக்குக்கு அரசு சொல்லும் காரணங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது உண்மை. சுண்ணாம்புக்கல் வினையில் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் உண்மை. என்னை உறுத்துவது உயர விதியின் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை. உள்நாட்டுச் சமவெளியில் அது ஓரளவு செல்லும். கடற்கரையில் விஷயமே வேறு.

ஏப்ரல், மே மாதத்து நண்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். தரை கொதிக்கிறது, கடல் அவ்வளவு சூடில்லை. கடல்மேல் தவழ்ந்து வரும் காற்றுக்கு அடிப்பக்கம் குளிர்ச்சி, மேல்பக்கம் வெப்பம். இப்படி அடுக்கான காற்று மேலும் கீழுமாகப் புரளாது. அதில் விடப்படும் புகையும் கலையாது. கரையோரத்திலிருந்து ஒரு சாம்பல் நிற நாடா மேற்கே நீள்வதை அத்திப்பட்டு புதுநகர் ரயில் நிலையத்திலிருந்தே பார்க்கலாம். மெலிசாக இருக்கும், ஆனால் அடர்த்தி குறையாமல் போகும். கீழே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது.

அதே காற்று கரையேறியதும் அடியிலிருந்து சூடாகத் தொடங்குகிறது. தரையை ஒட்டி ஒரு கலங்கல் அடுக்கு உருவாகிறது. சூடான காற்று குமிழ் குமிழாக மேலே போகும், பக்கத்தில் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். கரையில் இந்த அடுக்கின் தடிமன் சில பத்து மீட்டர்தான். உள்ளே போகப் போக வளர்ந்து, சில கிலோமீட்டரில் சில நூறு மீட்டராகிவிடும். அதாவது அதன் கூரை கடலிலிருந்து நிலத்தை நோக்கிச் சாய்வாக ஏறிக்கொண்டே போகிறது. நம் புகை நாடாவோ கூரைக்கு மேலே படுக்கைவசமாகப் போகிறது. ஏறும் கூரையும் படுத்த நாடாவும் ஏதாவது ஓரிடத்தில் சந்தித்துத்தானே ஆக வேண்டும்? சந்தித்த இடத்தில் கலங்கல் அடுக்கு புகையைப் பிடித்து மொத்தமாகத் தரைக்கு இழுத்துவிடுகிறது. அதுவரை கலையாமல், நீர்க்காமல் காப்பாற்றி எடுத்து வரப்பட்ட புகை அது! வானிலை அறிவியலில் இதை ஃபியூமிகேஷன் என்கிறார்கள்.

புகைபோக்கியை இன்னும் உயர்த்தினால்? சந்திக்கும் இடம் இன்னும் உள்ளே தள்ளிப்போகும். மீஞ்சூருக்குப் பதில் பொன்னேரி. வடகிழக்குக் காற்று என்றால் மணலிப் பக்கம், செங்குன்றம் பக்கம். சில நாள் சூடான புகை கடற்காற்றையே தாண்டி மேலே தப்பிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவின் நெடிக்கு மின் நிலையம் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். சுற்றிலும் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ஓயாத கன்டெய்னர் லாரிகள் எல்லாம் இருக்கின்றன.

இந்த அடுக்கைப் பலூன் விட்டும் கோபுரம் நட்டும் கல்பாக்கத்து விஞ்ஞானிகள் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அணு உலை இருப்பதால் அதற்குப் பணம் கிடைத்தது. நிலக்கரிப் புகையைத் தினமும் சுவாசிக்கும் வடசென்னைக்கு அதில் ஒரு பங்காவது ஒதுக்கக் கூடாதா? இதற்கு ராக்கெட் விடுகிற செலவெல்லாம் ஆகாது.

கடைசியாக இன்னோர் எண். 2009இல் அறிவித்த தேசியக் காற்றுத் தரத்தில் கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 80 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 50. ஒரு மணி நேர வரம்பு கிடையவே கிடையாது. அமெரிக்காவில் 2010 முதல் இருக்கிறது. புகை இறங்குவதோ மதியத்தில் ஓரிரு மணி நேரம். ஒரு கணக்குக்காக, இரண்டு மணி நேரம் 400 என்றும் மீதி 22 மணி நேரம் 20 என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி 52தான் வரும். ஆஸ்துமா உள்ள குழந்தை அந்த இரண்டு மணி நேரத்தில் மூச்சுக்குத் திணறியிருக்கும். ஏட்டில் அன்றைக்குக் காற்று வரம்புக்குள்தான்.

மணலி, கொடுங்கையூர், இராயபுரத்தில் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் உண்டு. மணிவாரியான தரவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். கல்லூரி புராஜெக்ட்டுக்கு ஆகும் தம்பி: மார்ச் முதல் ஜூன் வரை எடுத்து, தினச் சராசரியை விட்டுவிட்டு, பகல் 11 முதல் 3 வரையிலான எண்களைக் காற்றின் திசையோடு சேர்த்து வரைந்து பாருங்கள். வரைபடத்தை எனக்கும் அனுப்புங்கள்.