கப்பல் எந்த ஸ்குவாட்ரன் என்று கேட்பவர்களுக்கு

களியக்காவிளைப் பக்கம் கடற்படைத் தேர்வுக்குப் படிக்க வரும் பையன்கள் முதல் வாரமே கேட்டுவிடுவார்கள்: "சார், ஸ்குவாட்ரன் பெருசா, ஃப்ளோட்டிலா பெருசா?" இரண்டும் கப்பல் கூட்டங்களுக்கு வைக்கும் பெயர்கள். ஒரு வரிப் பதிலை எதிர்பார்த்து நோட்டைத் திறந்து வைத்திருப்பார்கள். அப்படி ஒரு பதில் கிடையாது. ஜெர்மனியில் ஃப்ளோட்டிலாவுக்குக் கீழேதான் ஸ்குவாட்ரன்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டனில் டெஸ்ட்ராயர் என்ற வேகமான போர்க்கப்பல், நீர்மூழ்கி என்றால் ஃப்ளோட்டிலா. க்ரூஸர் மாதிரி பெரிய போர்க்கப்பல்கள் ஸ்குவாட்ரன். எந்த டெஸ்ட்ராயர் எந்த ஃப்ளோட்டிலா என்று புகைபோக்கியில் அடித்த பட்டைகளைப் பார்த்தே அங்கே சொல்லிவிடுவார்கள். இலங்கைக் கடற்படையில் அதிவேகத் தாக்குதல் படகுகளின் கூட்டம் நான்காவது ஃப்ளோட்டிலா. அதே படையில் ஸ்பெஷல் போட் ஸ்குவாட்ரன் என்பது கமாண்டோக்கள்! நம் நாட்டில் ஸ்குவாட்ரன்தான் புழக்கம். போதாக்குறைக்கு விமானங்களுக்கும் அதே பெயர். அரக்கோணம் ராஜாளி தளத்தில் நிற்கும் பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்கள் 312-வது ஸ்குவாட்ரன்.

கடற்படையில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எது பெரியது என்ற கேள்வியை விட்டுவிடச் சொல்வேன். ஒரு கப்பலைத் தயார் செய்து வைப்பது ஒருவர், வேலைக்கு அனுப்புவது இன்னொருவர். இது பிடிபட்டால் போதும். பாறசாலை டிப்போவில் கழுவி, ஆயில் மாற்றி, டயர் பார்த்து நிறுத்தும் பஸ் இன்று எந்த ரூட்டில் ஓடுகிறது என்பது டிப்போ பெயரை வைத்துத் தெரியாது அல்லவா? ஸ்குவாட்ரன் என்பது டிப்போ.

ஒரே வகைக் கப்பல்களை ஒன்றாகச் சேர்த்து வைப்பதற்குப் பெரிய போர்த் தந்திரம் காரணம் என்று நினைப்பார்கள். பாதிக் காரணம் உதிரிபாகம். ஒரே எஞ்சின், ஒரே ரேடார், ஒரே பம்ப். நாளைக் காலை புறப்பட வேண்டிய கப்பலில் பம்ப் போய்விட்டது, ஸ்டோரிலும் இல்லை என்றால், ரீஃபிட் என்ற பெரிய பழுதுபார்ப்புக்காக டாக்யார்டில் கிடக்கும் சகோதரிக் கப்பலிலிருந்து கழற்றிக்கொண்டு வருவார்கள். கொடுக்கிற கப்பலின் எஞ்சினியர் முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போடுவார். ஆளும் அப்படித்தான். சோனார் (தண்ணீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி) பார்க்கிறவன் காய்ச்சலில் படுத்தால் பக்கத்துக் கப்பல்காரன் வந்து உட்காருவான். இருட்டிலும் எந்த ஸ்விட்ச் எங்கே என்று அவன் கைக்குத் தெரியும். அப்புறம் பழக்கம். ராத்திரி விளக்கணைத்து, ரேடியோ பேசாமல், வரிசையாக ஓடும்போது முன்னால் போகிற கப்பல் எப்படித் திரும்பும் என்பது பின்னால் வருகிறவனுக்குப் பழகியிருக்க வேண்டும். பல மாதம் சேர்ந்து ஓடினால்தான் அது வரும்.

ஸ்குவாட்ரனுக்குத் தலைவர் பெரும்பாலும் அதிலேயே மூத்த கேப்டன். தன் கப்பலையும் ஓட்டுவார், மற்றக் கப்பல்களின் தயார்நிலைக்கும் பதில் சொல்வார். பாகிஸ்தானுடனான போரில், 1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் மூழ்கிய போர்க்கப்பல் குக்ரியின் கேப்டன் மகேந்திரநாத் முல்லாதான் 14-வது ஃப்ரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்) ஸ்குவாட்ரனின் தலைவரும். கப்பலோடு போன 18 அதிகாரிகளில் அவரும் ஒருவர். 176 மாலுமிகளும் திரும்பவில்லை.

சரி, வேலைக்கு அனுப்புவது யார்? ஃப்ளீட் என்ற கப்பல்படை, அதற்கு மேல் கட்டளையகம். மேற்குக்கு மும்பை, கிழக்குக்கு விசாகப்பட்டினம். அவர்கள் ஸ்குவாட்ரனை அப்படியே அள்ளி அனுப்புவதில்லை; தேவைக்கு ஏற்ப அங்கொன்று இங்கொன்றாக எடுத்துக் கோர்ப்பார்கள். 1971 டிசம்பர் 4 இரவு கராச்சியைத் தாக்கப் போனது 25-வது ஏவுகணைப் படகு ஸ்குவாட்ரன் என்று எல்லோரும் சொல்வார்கள். போன படகுகள் மூன்று: நிபாத், நிர்காத், வீர். ஸ்குவாட்ரன் கமாண்டர் பப்ருபான் யாதவும் கூடப் போனார். ஆனால் கரையோரக் காவலுக்கென்று செய்த அந்தப் படகுகளால் அவ்வளவு தூரம் தனியாகப் போய்வர முடியாது. அதனால் கில்தான், கட்சால் என்ற இரண்டு பெரிய கப்பல்களைச் சேர்த்து அனுப்பினார்கள். நான்கு நாள் கழித்து இரண்டாவது தாக்குதல். அதற்குப் போனது வினாஷ் என்ற ஒரே படகு. கூட வந்தவை திரிசூல், தல்வார் என்ற ஃப்ரிகேட்டுகள். டிப்போ அதே டிப்போதான், கூட்டணி வேறு.

அமெரிக்கர்கள் இதை எண்ணிலேயே எழுதிவிடுவார்கள். ஏழாவது கப்பல்படை வங்கக்கடலுக்கு வருகிறது என்று அந்த டிசம்பரில் நம் வீட்டுப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்களே, எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் தலைமையில் வந்த அந்தக் கூட்டத்தின் பெயர் டாஸ்க் ஃபோர்ஸ் 74. அதில் முதலில் வரும் 7, ஃப்ளீட்டின் எண். அதிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தால் 74.1, அதையும் பிரித்தால் 74.1.1. வேலை முடிந்தால் கப்பல்கள் தங்கள் ஸ்குவாட்ரனுக்குத் திரும்பிவிடும்.

நம் கரைக்குப் பக்கத்தில் உள்ள கொச்சி தனி ரகம். தெற்குக் கட்டளையகம் பயிற்சிக்கானது. மும்பைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் இருப்பதுபோல் ஃப்ளீட் கிடையாது. முதல் பயிற்சி ஸ்குவாட்ரன் அங்கேதான்: தீர், சுஜாதா, பாய்மரக் கப்பல் தரங்கிணி எல்லாம் அதில் அடக்கம். மேற்கு, கிழக்குக் கப்பல்களைக் கடலில் சோதித்துத் தேர்ச்சி சொல்லும் அலுவலகமும் கொச்சியில்தான். ஆக, ஒரு கப்பலுக்கு ஸ்குவாட்ரன், ஃப்ளீட், சோதனைக்காரர் என்று மூன்று மேலாளர்கள். கேப்டன் பாடு திண்டாட்டம்தான்.

இதனால்தான் 2017 ஒக்கி புயல் சமயத்தில் தூத்தூர், வள்ளவிளைக் கரையில் நின்றவர்களுக்கு எந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது என்று குழப்பம். கொச்சியிலிருந்து வந்த கல்பேனி சிறிய ரோந்துக் கப்பல். ஆழ்கடலில் நாள்கணக்கில் தேட மும்பையைத் தளமாகக் கொண்ட சென்னை, கொல்கத்தா போன்ற டெஸ்ட்ராயர்களையும் அனுப்ப வேண்டியிருந்தது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது கடைசியாக இருந்த மூன்று பேரைக் காப்பாற்றியது சுஜாதா, பயிற்சி ஸ்குவாட்ரனின் கப்பல். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை.

கடலில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போர்க்கப்பலின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் எண் ஸ்குவாட்ரன் எண் அல்ல. டி65 என்றால் டெஸ்ட்ராயர் சென்னை, ஏ86 என்றால் தீர். ஆபத்தில் கப்பலைக் கூப்பிட ஸ்குவாட்ரனும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். படகிலுள்ள வி.எச்.எஃப். ரேடியோவில் 16-வது சேனல் போதும். கரையிலிருந்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554.

இப்போது வீட்டில் இருப்பவர்களிடம் வருகிறேன். "என் தம்பி கப்பல் இந்த ஸ்குவாட்ரன், நேற்று செய்லிங் போயாச்சு, இன்னும் மூணு கப்பல் கூடப் போகுது" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுவதைப் பார்க்கிறேன். ஸ்குவாட்ரன் பெயரால் பெரிய நஷ்டமில்லை; அது செய்தித்தாளிலேயே வரும். கூட எந்தக் கப்பல், என்றைக்குப் புறப்பட்டது என்பதுதான் ரகசியம். இன்றைய கூட்டணியை அது காட்டிக் கொடுத்துவிடும். 2019 டிசம்பரில் ஆந்திரப் போலீஸ் கடற்படையினர் ஏழு பேரை உளவு வழக்கில் கைது செய்தது. உளவாளிகள் ஃபேஸ்புக்கில் பெண் பெயரில் அவர்களோடு பழகி விவரம் கறந்ததாகச் செய்திகள் வந்தன. அந்த மாதமே தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடை வந்தது. தடை மாலுமிக்கு, அவன் அக்காவுக்கும் மச்சானுக்கும் இல்லை. ஓட்டை அங்கேதான்.

வீட்டில் சாவு, ஆபரேஷன் என்று அவசரம் வந்தால் மட்டும் விவரம் கையில் இருக்க வேண்டும். பெயர், ரேங்க், சர்வீஸ் நம்பர், கப்பல் பெயர், மும்பையோ விசாகப்பட்டினமோ கொச்சியோ எந்த ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்பது. மாலுமிக்குக் கடிதம் போடும் விலாசமும் இதேதான், ஸ்குவாட்ரன் அதில் வராது. ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.