ஓடுகிற நாய்க்கும் நகம் வெட்ட வேண்டும்

மறுபடியும் ஒரு நாய், மறுபடியும் அதே விரல். வெலிமடைப் பக்கம் மரக்கறி போடுகிற ஒருவர் அதைச் சாக்கில் சுற்றி த்ரீவீலில் தூக்கிக்கொண்டு வந்தார். காட்டுப்பன்றி விரட்டுகிற நாய், ராத்திரி முழுக்க அதற்கு ஓட்டம்தான். முன்னங்காலின் உட்பக்கம், மற்ற விரல்களுக்கு மேலே தள்ளி நிற்கும் கட்டைவிரலின் நகம் அடியோடு கிழிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. அதன்மேல் வைத்துக் கட்டிய கோப்பித்தூள் இரத்தத்தோடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து மெதுவாக எடுத்தால் அடியில் சீழ். எக்ஸ்ரேயில் விரல் நுனி எலும்பு அரித்துப்போயிருந்தது தெரிந்தது. நகத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம், விரலையே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நகம் வெட்டுவதே இல்லையா என்று கேட்டேன். "அது ராப்பகலா ஓடுற நாய்ங்க டொக்டர், நகம் தானா தேஞ்சிரும்" என்றார்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார், நுவரெலியாவில் ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருக்கும் பங்களாக்காரரும் இதைத்தான் சொல்கிறார். கட்டிப்போட்ட நாய்க்கு நகம் வெட்ட வேண்டும், ஓடுகிற நாய்க்கு வேண்டாம் என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. நாய் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுகிற வீடுகளில்கூட. அதனால் இதை நிதானமாக, கொஞ்சம் நீட்டியே சொல்லப் போகிறேன்.

நகம் ஓட்டத்தால் தேய்வதில்லை, உரசலால்தான் தேயும். உரசுவதற்குக் கரடுமுரடான தரை வேண்டும். தார் ரோட்டிலும் கொங்க்ரீட் தரையிலும் தினமும் நடக்கிற நாய்க்கு நகம் ஓரளவு தேய்வது உண்மைதான். நம் பக்கத்து நாய்கள் எங்கே ஓடுகின்றன? தேயிலை மலையில், புல்லில், மரக்கறிப் பாத்தியில், சேற்றில். மே தொடங்கி செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நோர்வுட் பக்கம் தென்மேல் பருவமழை விடாமல் பெய்கிறபோது மண் மாவு மாதிரி குழைந்து கிடக்கும். அதில் பத்து மைல் ஓடினாலும் நகம் மண்ணுக்குள் இறங்கி ஏறுமே தவிர ஒரு நூல்கூடத் தேயாது. பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வருஷக் கடைசி மழையிலும் இதே கதைதான். இந்த மாதங்களில்தான் கிழிந்த நகங்கள் வரிசையாக வருகின்றன.

சரி, உங்கள் நாய் தார் ரோட்டிலேயே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லா நகமும் ஒரே மாதிரி தேயாது. பாரம் அதிகமாக விழுவது நடுவில் இருக்கும் இரண்டு விரல்களில், அதனால் அந்த நகங்கள் கட்டையாக இருக்கும். ஓரத்து நகங்கள் அவற்றைவிட நீளமாக நிற்கும். கட்டைவிரல் நகம் இருக்கிறதே, நாய் நிற்கும்போதும் நடக்கும்போதும் அது தரையைத் தொடுவதே இல்லை. தொடாத நகம் எப்படித் தேயும்? அது வளர்ந்துகொண்டே போகும், கொக்கி மாதிரி வளையும், கவனிக்காமல் விட்டால் ஒரு முழு வட்டமடித்துத் தோலுக்குள்ளேயே குத்தி இறங்கும். சடை நாய் என்றால் முடி மூடியிருப்பதால் சீழ் நாற்றம் வரும்வரை யாருக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நிற்கும்போது தரையைத் தொடாத அதே நகம், நாய் முழு வேகத்தில் ஓடும்போது தொடும். பாய்ந்து இறங்கும்போது உடல் பாரம் முழுவதும் ஒரு முன்னங்காலில் வரும், மணிக்கட்டு தரையை நோக்கி மடங்கும், கட்டைவிரல் மண்ணில் ஊன்றும். சட்டென்று திரும்பும்போது இன்னும் பலமாக ஊன்றும். திரும்புகிற பிடிமானத்துக்காகவே இருக்கிற விரல் அது. ஆக, தேய்கிற அளவுக்குத் தரையில் படாது, மாட்டிக்கொள்கிற அளவுக்குப் படும். நகம் அளவாக இருந்தால் மண்ணைப் பிடித்துவிட்டு விடுபடும். கொக்கியாக வளைந்திருந்தால் தேயிலை வேரிலோ, கம்பி வலையிலோ, கல்லுக்கட்டு இடுக்கிலோ மாட்டும். நாய் நிற்காது, பன்றி முன்னால் ஓடுகிறதே. நகம் மட்டும் நின்றுவிடும்.

அதனால் ஓடுகிற நாய்க்குத்தான் நகம் வெட்டுவது அதிக அவசியம். தயவுசெய்து இந்த ஒன்றையாவது பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள்.

"அப்படியென்றால் அந்த நகத்தையே எடுத்துவிடுங்கள் டொக்டர்" என்று கேட்பவர்களும் உண்டு. முன்னங்கால் கட்டைவிரலுக்கு எலும்பு இருக்கிறது, மூட்டு இருக்கிறது, தசைநாண்கள் வந்து சேர்கின்றன. எலும்பைப் பிடித்துக் கடிக்கும்போது நாய் அதைப் பயன்படுத்துவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காரணமில்லாமல் எடுக்க மாட்டேன். பின்னங்கால் வேறு கதை. பெரும்பாலான நாய்களுக்கு முன்னால் ஐந்தைந்து, பின்னால் நான்கு நான்கு என்று 18 நகம்தான். சிலவற்றுக்குப் பின்னாலும் கட்டைவிரல் இருந்து 20 ஆகும். அந்தப் பின்விரல் பல நாய்களில் எலும்புப் பிடிப்பே இல்லாமல் தோலில் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், அடிக்கடி மாட்டிக் கிழிந்தால் அதை எடுப்பதைப் பற்றிப் பேசலாம்.

மற்ற நகங்கள் நீண்டால் என்ன ஆகும் என்று விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை. காலடி வைக்கும்போதெல்லாம் நகம் முதலில் தரையில் இடித்து விரலை மேலே தள்ளும், விரல்கள் விரியும், விரல் மூட்டுக்கு வலி. பங்களா வாசலில் சீமெந்துத் தரையில் நாய் வரும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான். அதற்காக ஒட்ட வெட்டியும் விடாதீர்கள், ஓடுகிற நாய்க்கு மண்ணைப் பிடிக்கக் கொஞ்சம் நகம் வேண்டும். சமதரையில் நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொடாமல் மட்டும் நிற்க வேண்டும்.

அடுத்த பயம் இரத்தம். நகத்துக்குள் இரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிற உள்சதை இருக்கிறது, அதில் வெட்டு பட்டால் வலிக்கும், இரத்தம் வரும். ஒரு முறை அப்படி வந்துவிட்டால் வீட்டுக்காரர் அதோடு கத்தரியைத் தொடுவதில்லை, நாயும் காலைக் கொடுப்பதில்லை. ஆறு மாதம் போகிறது. அதற்குள் நகத்தோடு உள்சதையும் சேர்ந்து முன்னால் வளர்ந்துவிடும், பிறகு எங்கே வெட்டினாலும் இரத்தம். தேயிலைக் கொழுந்து எடுப்பது தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: குறித்த நாளுக்கு ஒரு ரவுண்ட் என்று தவறாமல் எடுத்தால் செடி கைக்கு அடங்கி நிற்கும், விட்டுவிட்டால் முற்றிப்போய் ஒரேயடியாகக் கிளையோடு கவ்வாத்து வெட்டத்தான் வேண்டும். நீண்டுபோன நகத்தை வாரம் ஒரு முறை துளித் துளியாக வெட்டி வந்தால் உள்சதை மெல்ல மெல்லப் பின்வாங்கும். அளவுக்கு வந்தபின் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

வெள்ளை நகத்தில் உள்சதை ரோஸ் நிறத்தில் வெளியிலேயே தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீற்றர் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். நம் ஊர் நாய்களுக்குப் பெரும்பாலும் கறுப்பு நகம், வெளியிலிருந்து எதுவும் தெரியாது. காலைத் தூக்கி நகத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனியில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளமான பகுதியில் சதை இல்லை. அதிலிருந்து தாள் கனத்துக்கு ஒவ்வொரு சீவலாக எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வெளிறிப் பொடிப்பொடியாக இருக்கும், போகப்போக நடுவில் ஈரமான, கருமையான ஒரு புள்ளி தெரியும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் வெட்டலாம் என்று தோன்றும், வெட்டாதீர்கள்.

நாய்க்கென்று விற்கிற நகக்கத்தரியை வாங்குங்கள், குறடு வேண்டாம், கவ்வாத்துக் கத்தி வேண்டவே வேண்டாம். மனிதர் நகவெட்டி பெரிய நாயின் உருண்டை நகத்தை நசுக்கிப் பிளந்துவிடும், அந்தப் பிளவு அடுத்த ஓட்டத்தில் மேலே வரை கிழியும். கத்தரி மழுங்கியிருந்தாலும் அதுதான் நடக்கும். வெட்டிய விளிம்பை அரத்தால் இரண்டு தேய் தேய்த்துவிடுங்கள். நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்காதீர்கள், அடுத்த முறை கத்தரியைக் கண்டாலே கடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் சும்மா பாதத்தைத் தொட்டுப் பழக்குங்கள், குட்டியிலேயே தொடங்கினால் மிக நல்லது. ஒரு நகம் வெட்டி, ஒரு துண்டு அவித்த ஈரல் கொடுத்து, அன்றைக்கு அதோடு விட்டுவிட்டாலும் குற்றமில்லை. நாளை இன்னொரு நகம்.

இரத்தம் வந்துவிட்டால் பதறாதீர்கள். சுத்தமான துணியை வைத்து ஐந்து முதல் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள், நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்க்காமல். சோளமாவை நுனியில் அழுத்தி வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு ஓட விடாதீர்கள். நகம் பிளந்து தொங்கினால் நீங்களே பிடுங்க வேண்டாம். துணியால் தளர்வாகச் சுற்றி, ஈரம் படாமல் கொண்டுவாருங்கள், மருந்து போட்டு மரக்கப்பண்ணித்தான் எடுக்க வேண்டும். எத்தனை சாதுவான நாயாக இருந்தாலும் வலியில் கடிக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வளர்த்த நாய்தானே என்று வீட்டில் இருக்காதீர்கள்.

கோப்பித்தூள், மண்ணெண்ணெய், கழிவு ஓயில் எதுவும் வேண்டாம். புழு வைத்த காயங்களில் பாதி இப்படி மேலே எதையாவது அப்பி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் விட்டவைதான். இரத்தத்தை நிறுத்த நூலோ இறப்பர் பேண்டோ விரலில் கட்டாதீர்கள். கட்டியவர் மறந்துவிடுவார், முடிக்குள் அது மறைந்துவிடும், இரண்டு மூன்று நாளில் விரல் கறுத்து அழுகத் தொடங்கும். வலிக்கு என்று பனடோலோ, உங்களுக்கு முதுகுவலிக்குக் கொடுத்த டைக்ளோபெனாக்கோ கொடுக்காதீர்கள். நமக்குத் தாங்குகிற அளவு நாய்க்குத் தாங்காது, டைக்ளோபெனாக்கும் இபுபுரோபனும் குடலைப் புண்ணாக்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால் நான் நகத்தை விட்டுவிட்டு ஈறைப் பார்ப்பேன். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு இரத்தத்தை உறையவைக்கிற இரத்தத் தட்டுக்கள் குறைந்திருக்கலாம், ஈறு வெளிறியிருக்கும், சாப்பாடு குறைந்திருக்கும். அப்போது இரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. அட்டைக்கடியும் உண்டு. மழையில் மலைக்குப் போய்வந்த நாயின் விரலிடுக்கில் அட்டை கடித்துவிட்டு விழுந்திருக்கும், இரத்தம் உறையாமல் ஒழுகும், நகம் உடைந்ததென்று தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். முதலில் விரலிடுக்கை விரித்துப் பாருங்கள்.

எங்கும் மாட்டாமலே பல கால்களில் நகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தால் அது அடிபட்டதல்ல, நோய். வயதான நாய்க்கு, குறிப்பாகக் கறுத்த பெரிய நாய்க்கு, ஒரே ஒரு விரல் வீங்கி நகம் கோணலாக வளர்ந்து புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனால் புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். தேவைப்பட்டால் பேராதனைக்கு, மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவோம்.

கடைசியாக லயத்து நாய்களைப் பற்றி. யாருடையது என்று கேட்டால் எல்லோருடையதும் என்பார்கள், சோறும் எல்லா வீட்டிலிருந்தும் கிடைக்கும், நகம் பார்க்க மட்டும் ஆள் இருக்காது. விசர்நோய்த் தடுப்பூசி போடுகிற அன்றைக்கு எப்படியும் யாராவது ஒருவர் அதைப் பிடித்து வைத்திருப்பீர்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி, உட்பக்கத்து முடியை விலக்கிப் பாருங்கள். நகம் வளைந்து தோலைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த வாரமே பக்கத்து மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். வெட்டுவது சில நிமிஷ வேலை. முதல் தடவை வெட்டும்போது பக்கத்தில் நின்று எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை நீங்களே செய்துவிடலாம்.