சொல் விளக்கம்: சர்ஃபாக்டன்ட் – பரப்புவினையி

சர்ஃபாக்டன்ட் பழைய சொல் அல்ல. 'சர்ஃபேஸ் ஆக்டிவ் ஏஜென்ட்' என்ற நீண்ட தொடரை வெட்டி ஒட்டி 1950 வாக்கில் ஆங்கிலத்தில் உருவானது. சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு எல்லாவற்றிலும் வேலை செய்வது இந்த வகைப் பொருள்தான். ஒரே மூலக்கூறில் நீர்விரும்பும் தலை ஒன்று, நீர்வெறுக்கும் வால் ஒன்று. தலையில் மின்சுமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

தமிழில் இதற்கு 'பரப்பு இழுவிசைக் குறைப்பி' என்று சொல்வதுண்டு. பாதிதான் சரி. 25 டிகிரி செல்சியஸில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டன். அதில் சோடியம் டோடெசைல் சல்பேட் என்ற சர்ஃபாக்டன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் 40-க்குப் பக்கத்தில் இறங்கும். லிட்டருக்கு சுமார் 8 மில்லிமோல் வந்ததும் இறக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கு மேல் போடும் மூலக்கூறுகளுக்கு மேற்பரப்பில் இடம் இல்லை. அவை நீருக்குள்ளேயே வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டித் திரள்கின்றன. இந்தத் திரளுக்கு மிசெல் என்று பெயர். துணுக்கு என்று பொருள்படும் 'மைக்கா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. தாவரவியலாளர் நேகேலி 1858-இல் வேறு எதற்கோ வைத்த பெயரை, 1913-இல் வேதியியலாளர் மெக்பெயின் சோப்புக் கரைசலுக்குக் கொண்டுவந்தார். ஆக, இழுவிசை குறைவது நின்றபிறகும் இந்தப் பொருளின் வேலை நிற்பதில்லை. பெயரில் இழுவிசையைக் கட்டிப்போட்டால் அந்த வேலைக்குச் சொல்லே இல்லாமல் போகிறது.

'மேற்பரப்புச் செயலி' என்பது நேரடி மொழிபெயர்ப்பு. ஆனால் செயலி என்றதும் இன்று எல்லோருக்கும் கைபேசிதான் நினைவுக்கு வருகிறது. வினையூக்கி, நிறமி என்ற வரிசையில் 'பரப்புவினையி' என்பதே எனக்குப் பிடித்தது. பரப்பு என்றால் நீரின் மேல்மட்டம் மட்டும்தானா என்பதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும்.

டங்ஸ்டன், மாலிப்டினம் போன்ற உலோகங்களும் ஆக்சிஜனும் சேர்ந்து பெரிய எதிர்மின் கொத்துகளாகும். இவற்றைப் பாலிஆக்ஸோமெட்டலேட் என்பார்கள். உலோக ஆக்சைடு கொத்தயனி என்று சொல்லலாம். 1933-இல் கெக்கின் என்ற ஆய்வாளர் அமைப்பைக் கண்டறிந்த டங்ஸ்டன் கொத்தின் குறுக்களவு ஏறக்குறைய 1 நானோமீட்டர். மின்சுமை மூன்று. அவ்வளவு சிறியதற்கும் ஒரு பரப்பு உண்டு.

இந்தக் கொத்துகள் பரப்புவினையி இல்லாமலும் கூடும். 154 மாலிப்டினம் அணுக்கள் கொண்ட சக்கர வடிவக் கொத்துகள் நீரில் ஆயிரத்துக்கும் மேலாகச் சேர்ந்து, சுமார் 45 நானோமீட்டர் ஆரமுள்ள உள்ளீடற்ற கோளமாவதை 2003-இல் காட்டினார்கள். ஒரே மின்சுமை கொண்டவை விலகித்தானே போக வேண்டும்? நடுவில் எதிரயனிகள், அதாவது கொத்துக்கு எதிரான நேர்மின்சுமை கொண்ட அயனிகள், நின்று பிடித்துக்கொள்கின்றன. இப்படித் தாமாகக் கூடுவதற்குத் 'தன்கூடல்' என்ற சொல் போதும். 'சுய ஒருங்கிணைவு' வாயில் நுழைவதற்குள் கூடியே முடித்திருக்கும்.

சரி, இதில் நேர்மின் தலை கொண்ட பரப்புவினையியைச் சேர்த்தால்? அது சாதாரண எதிரயனியின் இடத்தைப் பிடிக்கிறது, கூடவே வாலையும் கொண்டுவருகிறது. மின்சுமைகள் சரிக்குச் சரியானதும் கொத்தின் வெளிப்புறம் எண்ணெய்த்தன்மை பெற, பெரும்பாலும் வீழ்படிவு இறங்கிவிடும். கொத்தின் மின்சுமை, வாலின் நீளம், வால்களின் எண்ணிக்கை, கரைப்பான் ஆகியவற்றைப் பொறுத்து அடுக்குகளாகவோ உள்ளீடற்ற பைகளாகவோ இவற்றைச் சேரச் செய்யலாம்.

இதைக் கண்ணாலேயே பார்க்கும்படியான சோதனை ஒன்று உண்டு. 132 மாலிப்டினம் அணுக்கள் கொண்ட பந்து வடிவக் கொத்தின் மின்சுமை 42. அதன் அடர்பழுப்பு நீர்க்கரைசலோடு, தலைக்கு இரண்டு வால், வாலுக்கு 18 கார்பன் கொண்ட அம்மோனியப் பரப்புவினையி கரைந்த குளோரோஃபார்மைச் சேர்த்துக் கலக்குகிறார்கள். குளோரோஃபார்ம் கனமானது, அடியில்தான் நிற்கும். மேலே இருந்த பழுப்பு நிறம் மெல்லக் கீழே இறங்க, மேலிருக்கும் நீர் வெளுக்கிறது. 2000-இல் வெளியான ஆய்வின்படி ஒரு கொத்தைச் சுற்றி சுமார் 40 பரப்புவினையி மூலக்கூறுகள். மீதி இரண்டு மின்சுமையை அம்மோனியம் அயனிகள் ஈடுகட்டுகின்றன. நீரில் மட்டுமே கரைந்த உப்பு இப்போது குளோரோஃபார்மில் கரைகிறது. வினை நடந்த பரப்பு கொத்தினுடையது.

அப்புறம் ஒரு விசித்திரம். மின்சுமையே இல்லாத, எத்திலீன் ஆக்சைடு தலை கொண்ட பரப்புவினையிகளோடும் கெக்கின் கொத்துகள் ஒட்டுகின்றன. பெரிய உடலில் குறைந்த மின்சுமை பரவியிருப்பதால் நீர் அவற்றை இறுக்கிப் பிடிப்பதில்லை. அவை மிசெலின் பரப்பில் போய் ஒதுங்குகின்றன. அதனால் மிசெல்கள் மின்சுமை பெற்று ஒன்றையொன்று தள்ள, சூடாக்கும்போது கரைசல் கலங்கும் வெப்பநிலை உயர்கிறது.