ஓரமாக விழுந்த தலையெல்லாம் அச்சுப் பிழை இல்லை

போன வாரமும் ஒரு ரோமானிய டினாரியஸ், அதாவது வெள்ளிக் காசு, பரிசோதனைக்கு வந்தது. 'அபூர்வமான அச்சுப் பிழை' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் நியாய விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்திருக்கிறார். பிழை என்ன? பேரரசரின் தலை கொஞ்சம் ஓரமாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரோமானிய நாணயச் சாலைகளில் ஒவ்வொரு காசும் கையால் அடித்தது. கீழ் அச்சின் மேல் வில்லையை, அதாவது உருவம் பதியாத வட்ட உலோகத் துண்டை, வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியலால் அடித்தார்கள். அப்படி அடித்தால் தலை ஓரம் போகத்தான் செய்யும். எழுத்து பாதி விழும், விளிம்பு வெடிக்கும், வட்டம் கோணலாகும். அந்தக் காலத்து நாணயமே அப்படித்தான். இன்றைய எந்திர நாணயத்தின் அளவுகோலை வைத்து அதைப் பார்க்காதீர்கள். பாதித் தலையே வில்லைக்கு வெளியே போயிருந்தால், சரி, அதைப் பற்றிப் பேசலாம்.

புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகள் பலவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே வெட்டு இருக்கிறது. அதுவும் பிழை இல்லை, பிற்பாடு வேண்டுமென்றே போட்ட வெட்டு.

உண்மையான பிழை பார்க்க வேண்டுமா? 'பிராக்கேஜ்' இருக்கிறது. அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். தொழிலாளி கவனிக்காமல் அடுத்த வில்லையை அடித்துவிடுவார். ஒரு பக்கம் தலை வழக்கம்போலப் புடைத்திருக்கும். மறுபக்கம் அதே தலை குழிந்து, இடவலம் மாறி நிற்கும். அந்த ஒரு நொடிக் கவனக்குறைவு அப்படியே உலோகத்தில் தங்கிவிட்டது. சேகரிப்பாளர்கள் அதற்காக ஏங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதனால்தான் போலியும் வருகிறது. நல்ல காசு ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்து இடுக்கியில் அழுத்திவிடுகிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: குழிந்த பக்கத்தில் பழைய உருவத்தின் மிச்சம் தெரிந்தாலோ, மறுபக்கத் தலை நசுங்கியிருந்தாலோ வாங்காதீர்கள். குழிந்த பக்கத்து எழுத்து நேராக வாசிக்க வந்தால் அது பிராக்கேஜே இல்லை. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடினால் அது அடித்த காசு இல்லை, உருக்கி வார்த்த போலி. எடை போடாமல் பணம் கொடுக்காதீர்கள். பேரரசர் டைபீரியஸ் காலத்துத் தேயாத டினாரியஸ் 3.8 கிராம் அளவில் இருக்கும். ரொம்பக் குறைந்தால் உள்ளே செம்பு இருக்கலாம்.

தயவுசெய்து புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய மேற்பரப்பு போய்விட்டால், அப்புறம் பிழை உண்மையா பொய்யா என்று எங்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.